வீட்டுல வை-பை பறக்குது... போன்ல 'ரேஞ்சு' கிடைக்கல! குமரி மலையோர மக்கள் தவிப்பு. 'வை-பை காலிங்' வசதிக்கு பூட்டு போடுவது யார்?

நாகர்கோவில்:-

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சாயங்காலம் ஆனால் ஒருத்தர் மொட்டை மாடியில் நிற்பார். இன்னொருத்தர் ரோட்டு வளைவில் நிற்பார். ரெண்டு பேருமே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா மக்ளே... இப்ப கேக்குதா?" என்று கத்திக்கொண்டு இருப்பார்கள்.

இத்தனைக்கும் வீட்டுக்குள் நெட் இல்லாமல் இல்லை. கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் லைனில் பேரப்பிள்ளை யூ-டியூப் பார்த்துக்கொண்டு இருக்கும். வாட்ஸ்அப் வேலை செய்யும். ஆனால் சாதாரண போன் அழைப்பு மட்டும் வராது. வந்தாலும் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் கட் ஆகும்.

வாட்ஸ்அப் இருக்கே, அப்புறம் என்ன என்று டவுனில் இருப்பவர்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் வாட்ஸ்அப்பிலா கூப்பிடுவார்? கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் போன் போட்டுத்தான் வழி கேட்பார். வேலைக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரி ரெண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு 'சுவிட்ச் ஆப்' என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அன்றைய கூலி போச்சு. அவசரத்துக்கு 108-ஐ கூப்பிடுவதும் சாதாரண போனில்தான்.

ரேஞ்சு ஏன் கிடைக்காது?

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் மேடும் பள்ளமுமான பூமி. மலையோரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் டவர் இருந்தால் இந்தப் பக்கம் பள்ளத்தில் உள்ள வீட்டுக்கு அலை வந்து சேராது. நடுவில் ரப்பர் மரங்கள் அடர்த்தியாக நிற்கின்றன. மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம்.

அடுத்தது வீடு. முன்பு ஓட்டு வீடு. இப்போது கல்ஃப் பணத்தில் கட்டிய காங்கிரீட் வீடுகள் நிறைய. கம்பியும் காங்கிரீட்டும் அலையை நன்றாகத் தடுக்கும். 4ஜி-க்கு பயன்படுத்தும் 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளைவிட சுவருக்குள் நுழைவதில் பலவீனமானவை. வாசலில் மூன்று கட்டை காட்டும் போன், அடுக்களைக்குள் போனதும் செத்துப்போவது இதனால்தான்.

ஆறுகாணி, பத்துகாணி, கீரிப்பாறை, காளிகேசம் போன்ற இடங்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நாலு வீட்டுக்காக டவர் வைக்க எந்த கம்பெனியும் ஓடி வராது. இதற்கெல்லாம் மாற்று வழியாக வந்ததுதான் 'வை-பை காலிங்'.

அது என்ன வை-பை காலிங்?

சாதாரணமாக நீங்கள் நம்பர் அடித்தால் போன் டவரைத் தேடும். வை-பை காலிங் இருந்தால் டவருக்குப் பதில் வீட்டு வை-பை வழியாக, இன்டர்நெட்டில் ஒரு தனிப் பாதை போட்டு உங்கள் சிம் கம்பெனியின் வாசலுக்கே போய்விடும். அங்கிருந்து வழக்கமான அழைப்பாக மாறி எதிராளிக்குப் போகும். அவரிடம் ஸ்மார்ட் போன் இருக்க வேண்டியது இல்லை. பட்டன் போன், லேண்ட்லைன் எதற்கும் பேசலாம். உங்கள் நம்பர்தான் தெரியும். தனி ஆப் எதுவும் வேண்டாம். அவர் திரும்பக் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் மணி அடிக்கும்.

இதற்கு தனிக் கட்டணம் கிடையாது. உங்கள் ரீசார்ஜ் பேக்கில் உள்ள அழைப்பு கணக்கிலேயே போகும். வெளிநாட்டுக்குப் பேசினால் ஐ.எஸ்.டி. கட்டணம் வழக்கம்போல உண்டு. நெட் செலவும் பெரிதாக இல்லை. ஒரு நிமிடத்துக்கு 1 எம்.பி. என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டு நெட்டுக்குத்தான் பணம் கட்டியாச்சே என்று சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டால் வை-பை காலிங்கும் நின்றுவிடும்.

இதில் மக்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. வீட்டில் வை-பை உள்ள வயதானவர்களுக்கு டேட்டா பேக் எதற்கு? பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகளும் அந்த பேக்குகளைக் கொண்டு வந்தன. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிய பிறகு இது பெரிய விஷயம். ஆனால் ரீசார்ஜ் கடையில் நாமாகக் கேட்டால்தான் எடுத்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் டேட்டா பேக்கைத்தான் போட்டு விடுவார்கள்.

அனுமதி உண்டு... கட்டாயம் இல்லை!

நெட் வழியாகப் பேசுவது என்றாலே செல்போன் கம்பெனிகளுக்கு முதலில் இருந்தே கசப்புதான். 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இன்டர்நெட் வழி அழைப்புகளுக்கு தனிக் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அறிவிப்பை வாபஸ் வாங்கியது.

அதன் பிறகு 2017 அக்டோபரில் டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. போன் சேவை ஒரு கம்பெனியுடையதாகவும் அது போகும் நெட் வேறு கம்பெனியுடையதாகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். 2018 ஜூனில் மத்திய தொலைத்தொடர்பு துறையும் இதை ஏற்று விளக்கம் வெளியிட்டது. அதாவது ஏ கம்பெனி சிம்மை பி கம்பெனி வை-பையில் பயன்படுத்த சட்டப்படி தடை இல்லை.

ஆனால் வசதி வந்தபோது என்ன நடந்தது? 2019 டிசம்பரில் ஏர்டெல் முதலில் டெல்லியிலும், அதே மாதத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலும் வை-பை காலிங்கை ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அது ஏர்டெல்லின் சொந்த பிராட்பேண்ட் உள்ள வீடுகளுக்கு மட்டும்! கேபிள்காரர் நெட் வைத்திருந்தவர்களுக்கு பட்டனே வேலை செய்யவில்லை. ஏர்டெல் ஃபைபர் எட்டிப் பார்க்காத கிராமத்துக்காரருக்கு அந்த அறிவிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனது.

2020 ஜனவரியில் ஜியோ, எந்த கம்பெனி வை-பையாக இருந்தாலும் பேசலாம் என்று நாடு முழுக்க இறக்கியது. போட்டி வந்ததும் ஏர்டெல்லும் அதே மாதத்தில் எல்லா பிராட்பேண்டுக்கும் திறந்துவிட்டது. வி நிறுவனம் 2020 டிசம்பரில் வெளி மாநிலங்கள் சிலவற்றில் ஆரம்பித்தது.

பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். 4ஜி வழியாகப் பேசும் ஏற்பாடு இல்லாமல் வை-பை காலிங் கொடுக்க முடியாது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி வந்து சேரவே வருஷக்கணக்கில் இழுத்தது. 2025 செப்டம்பர் 27-ந்தேதிதான் ஒடிசாவில் வைத்து பிரதமர் மோடி நாடு முழுவதற்குமான பி.எஸ்.என்.எல். 4ஜி-யை தொடங்கி வைத்தார். வை-பை காலிங்கை நாடு முழுவதும் கொடுத்திருப்பதாக 2026 ஜனவரி 1-ந்தேதி பி.எஸ்.என்.எல். அறிவித்தது. பழைய 2ஜி, 3ஜி சிம்மையே இன்னும் போனில் வைத்திருப்பவர்கள் பி.எஸ்.என்.எல். அலுவலகத்தில் கொடுத்து 4ஜி சிம்மாக மாற்றிக்கொண்டால்தான் இது கிடைக்கும்.

இப்படி எல்லாம் வந்த பிறகும் மக்கள் ஏன் மாடியில் நிற்கிறார்கள்? இங்கேதான் சூட்சுமம். வை-பை காலிங் கொடுக்க கம்பெனிக்கு அனுமதி இருக்கிறது. எல்லா வாடிக்கையாளருக்கும், எல்லா போனுக்கும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த மாடல் போனில் வேலை செய்யும் என்பது சிம் கம்பெனியும் போன் தயாரிப்பாளரும் பேசி முடிவு செய்யும் விஷயம். பட்டியலில் உங்கள் போன் இல்லை என்றால் அவ்வளவுதான்.

கல்ஃப் போனில் வரும் சிக்கல்

குமரியில் இது அதிகம் அடிபடும் இடம், வெளிநாட்டில் இருந்து வந்த போன்கள். மச்சான் துபாயில் இருந்து கொண்டு வந்தது, மகன் சவுதியில் வாங்கி அனுப்பியது என்று வீட்டுக்கு வீடு ஒரு கல்ஃப் போன் இருக்கும். விலை உயர்ந்த போன்தான். ஆனால் சில ஆண்ட்ராய்டு மாடல்களில், அந்த நாட்டு கம்பெனிகளுக்கு ஏற்ற செட்டிங் மட்டும்தான் உள்ளே இருக்கும். இந்திய சிம்மைப் போட்டால் பேசலாம், நெட் பார்க்கலாம். 'வை-பை காலிங்' என்ற வரி மட்டும் மெனுவில் எங்கே தேடினாலும் இருக்காது. அதே மாடலை நாகர்கோவில் கடையில் வாங்கியவருக்கு அந்த வரி இருக்கும்!

ரெண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். புரியாதவர்கள் நெட்காரரைத் திட்டுகிறார்கள். நெட்காரர் சிம் கம்பெனியைக் கை காட்டுகிறார். சிம் கம்பெனி போன் கடைக்குப் போகச் சொல்கிறது. கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்தால் "போனை ஆப் செய்து ஆன் செய்யுங்க சார்" என்ற பாட்டைத்தான் பாடுகிறார்கள். உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு நேராக பதில் சொன்னால் பாதி அலைச்சல் மிச்சம். அந்தப் பட்டியலை தமிழில் அச்சடித்து ரீசார்ஜ் கடைகளில் ஒட்டி வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

பூட்டு எங்கே என்று நீங்களே பார்க்கலாம்

முதலில் போனில் செட்டிங்ஸ் போங்க. 'கனெக்ஷன்ஸ்' அல்லது 'மொபைல் நெட்வொர்க்' பகுதியில், சிம் பெயருக்குக் கீழே 'வை-பை காலிங்' இருக்கும். சில போன்களில் நம்பர் அடிக்கும் இடத்தில் உள்ள மெனுவில் இருக்கும். ஐபோனில் 'மொபைல்' அல்லது 'செல்லுலார்' பகுதிக்குள் இருக்கும். ரெண்டு சிம் போட்டிருந்தால் ரெண்டுக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். 4ஜி காலிங் என்ற 'வோல்ட்டி'யும் ஆனில் இருக்க வேண்டும். வரியே இல்லை என்றால் சாப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாருங்க. அப்படியும் வரவில்லை என்றால் பூட்டு போனில் அல்லது சிம் கம்பெனியில்.

வரி இருக்கிறது, ஆன் செய்தும் பேச முடியவில்லை என்றால், வை-பையை ஆன் செய்துகொண்டே பக்கத்து வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய் அவர்கள் வை-பையில் இணைத்துப் பாருங்க. அங்கே வேலை செய்தால் உங்கள் வீட்டு ரூட்டரில்தான் கோளாறு. வை-பை காலிங் ஒரு ரகசிய சுரங்கப் பாதை மாதிரி போவதால் சில ரூட்டர்களும், சில நெட்காரர்களின் பாதுகாப்பு அமைப்பும் அதைத் தடுத்துவிடும். நெட்காரரிடம் "ஐ.பி.செக் பாஸ்த்ரூ ஆன்ல இருக்கா? 500, 4500 போர்ட் திறந்திருக்கா?" என்று கேளுங்க. தெரிந்தவராக இருந்தால் அஞ்சு நிமிட வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. போனில் ஒரே ஒரு கட்டை ரேஞ்சு இருந்தாலும் சில போன்கள் பிடிவாதமாக டவரையே பிடித்துக்கொண்டு தொங்கும். வை-பைக்கு மாறாது. அதற்கு வழி, 'ஏரோப்ளேன் மோடு' போட்டுவிட்டு வை-பையை மட்டும் திரும்ப ஆன் செய்வது. அப்போது போனுக்கு வேறு வழி இல்லாமல் வை-பையில்தான் அழைப்பு போகும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த மோடை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் போகும்போது யார் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டீர்கள்.

பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால் கட் ஆகத்தான் செய்யும். வெளியே நல்ல 4ஜி இருந்தால்தான் அழைப்பு வை-பையில் இருந்து டவருக்கு அறுபடாமல் மாறும். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். விஷயத்திலும் வை-பை காலிங்கை முழுசாக நம்ப வேண்டாம். சில போனில் வரும், சிலதில் வராது. பேங்க் வேலை இருந்தால் ரேஞ்சு உள்ள இடத்தில் இருந்தே செய்வது நல்லது.

பூஸ்டர் வாங்கி மாட்டிக்கொள்ளாதீங்க!

ரேஞ்சு இல்லாத வீட்டுக்காரர்கள் சிலர் ஆன்லைனில் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கி மாடியில் குடை மாதிரி மாட்டி வைக்கிறார்கள். அனுமதி இல்லாமல் இதை வாங்குவது, வைப்பது, விற்பது எல்லாமே சட்டவிரோதம். உங்கள் வீட்டில் நாலு கட்டை காட்டும். ஆனால் அந்தக் கருவி டவருக்கு இரைச்சலை அனுப்பி சுற்றுவட்டாரத்தில் எல்லோருடைய அழைப்பையும் கெடுக்கும். தொலைத்தொடர்பு துறை அதிகாரிகள் கருவியோடு வந்து கண்டுபிடித்து பறிமுதல் செய்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சாமானும் போகும், வழக்கும் வரும்.

களியக்காவிளையில் கேரளா டவர்

எல்லையோர ஊர்களின் கதை வேறு. களியக்காவிளை, பனச்சமூடு பக்கம் போன் கேரளா டவரைப் பிடிக்கும். தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா இன்னொரு வட்டம். ஒரு காலத்தில் வீட்டில் உட்கார்ந்து பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் ரோமிங் காசு பிடுங்கிவிடும். 2016-ல் ஜியோ ரோமிங் கட்டணம் இல்லாமல் வந்து, 2017-ல் மற்றவர்களும் எடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அப்போதும் மக்கள் மனு கொடுத்து நடந்ததைவிட, கம்பெனிகளின் போட்டியில் நடந்ததுதான் அதிகம்.

வளைகுடாவில் வேறு பூட்டு

இங்கே டவர் கிடைக்கவில்லை என்றால் அங்கே ஆப்புக்கு பூட்டு. சவுதி அரேபியா 2017 செப்டம்பரில் இன்டர்நெட் அழைப்புகள் மீதான தடையை நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் பல ஆண்டுகளாக அடைக்கப்பட்டே கிடந்தது. அரசு அனுமதித்த 'போட்டிம்' போன்ற ஆப்களுக்கு மாதம் 50 திர்ஹாம் என்று பேக் போட்டுத்தான் நம்ம பையன்கள் வீட்டுக்குப் பேசினார்கள். தடையைத் தாண்ட வி.பி.என். போட்டு மாட்டினால் 5 லட்சம் திர்ஹாமில் இருந்து அபராதம் ஆரம்பம் என்று 2016-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆகவே "அங்க இருந்து வாட்ஸ்அப்ல கூப்பிடு மக்ளே" என்று வற்புறுத்தும் முன் வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டும். இந்திய சிம்மை வைத்து அங்குள்ள வை-பையில் பேசலாமா என்பதற்கு கம்பெனிக்கு கம்பெனி விதி வேறு. ரோமிங் பேக் விவரம் கேட்காமல் ஆன் செய்தால் பில் எகிறிவிடும்.

கரண்ட் போனால்?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டம் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தது. கரண்ட் இல்லாததால் செல்போனும் செத்துப்போனது. கடலுக்குப் போனவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாமல் தூத்தூர், சின்னத்துறை பக்கம் குடும்பங்கள் துடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

வை-பை காலிங்கை மட்டும் நம்பி இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் ரூட்டர் அணையும், போனும் ஊமை. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வந்ததால் வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அது கிடையாது. ரூட்டருக்கு என்றே கையடக்க மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். நெட்காரர் பக்கமும் பேட்டரி இருந்தால்தான் அது உதவும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

அவசர நேரத்தில் 112 அடித்தால், உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் வேறு கம்பெனி டவர் வழியாக அழைப்பு போகும். வை-பை வழியாகப் போகும் அழைப்பில் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும் என்று நம்பி இருக்காதீங்க. எடுத்ததும் ஊர்ப் பெயர், பக்கத்தில் உள்ள கோவில் அல்லது சர்ச், அல்லது ஜங்ஷன் பெயரைச் சொல்லிவிடுங்க.

எங்கே புகார் செய்வது?

சிம் கம்பெனியின் புகார் நம்பர் 198. கட்டணம் இல்லை. பேசி முடித்ததும் புகார் எண் கேட்டு வாங்கி எழுதி வையுங்க. அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. சரியான பதில் வராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செல்போன் கம்பெனி மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று கம்பெனிகள் வாதாடி வந்தன. போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறிவிட்டது. நமக்கு நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம். "உங்க ஏரியாவுல ஃபுல் ரேஞ்சு, வை-பை காலிங்கும் உண்டு" என்று ஆசை காட்டி சிம்மை விற்றிருந்தால் அந்த விளம்பர நோட்டீசை பத்திரமாக வைத்திருங்க, சாட்சிக்கு உதவும்.

அலைய முடியாது என்பவர்களுக்கு நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வழி இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு உங்கள் நம்பரை அடித்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கோடு வரும். இப்போதைய கம்பெனியில் 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். மாறுவதற்கு முன், புது கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அஞ்சு நிமிடம் சிம்மை இரவல் வாங்கி, உங்கள் போனில் போட்டு, உங்கள் வை-பையில் ஒரு கால் பேசிப் பாருங்க. அடுக்களைக்குள் நின்று பேசிப் பாருங்க.